இருபத்தைந்துக்கு மூன்று

பெரம்பூர், சென்னை
12.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜாய்ஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஜூலியட் அத்தை எப்படி இருக்கிறார்?

பார்சலை மடக்காமல் பிரியுங்கள். உள்ளே ஒரு படம் இருக்கிறது.

கண்ணாத்தாள் அக்கா இறந்து மூன்று வாரம் ஆகிறது. இருபது வருடம் நம் ஊர்க் கேபிள் டிவியில் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து, பிள்ளைகள் தபாலில் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியவர். ஒன்பது வயதில் நான் வரைந்த எருமையை அவர் காட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இந்தப் பிள்ளை எருமையோட முட்டியைப் பாத்து வரைஞ்சிருக்கு. பாக்காம வரைஞ்சா இந்த முட்டி வராது" என்றார். அதைக் கேட்ட நாளில்தான் நான் படம் வரைகிறவள் ஆனேன். அவர் போன செய்தி எனக்கு ஒரு வாட்ஸப் ஃபார்வர்டில் வந்தது. எந்தச் சேனலும் சொல்லவில்லை.

அழுது முடித்துவிட்டு, லினோ பலகையில் அவர் முகத்தைச் செதுக்கினேன். இடவலம் மாற்றிச் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றி எடுக்கிற வேலை. இருபத்தைந்து பிரதி எடுத்ததும் பலகையைக் குறுக்கே கீறிவிட்டேன். இனி எடுக்க முடியாது. முதல் பிரதி எனக்கு, அடுத்தது அம்மாவுக்கு, அதற்கடுத்தது உங்களுக்கு. எருமைப் படத்தை அன்றைக்குத் தபாலில் சேர்த்தது நீங்கள்தானே.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஜாய்ஸ்

*

குத்தாலம்
21.06.2025

பாசமிகு மருமகள் ஜாய்ஸுக்கு மாமன் ரெமிஜியஸ் ஆசீர்வாதத்துடன் வரைவது.

மாதா தயவில் நான், உன் அத்தை, ஆடு இரண்டு, எல்லோரும் சுகம். முழங்கால் வலி என்னைப் பார்த்துப் பயந்து உன் அத்தையின் முழங்காலுக்கு மாறிக்கொண்டது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் மாமன் பேசினால் பேசினதுதான்.

படத்தைப் பிரித்தேன். கண்ணாத்தாளம்மா நேரிலேயே வந்து நின்றார். உன் அத்தை மெழுகுவத்தி எடுக்கப் போய்விட்டாள். "ஏய், இது மாதா படம் இல்லடி" என்று நான்தான் தடுத்தேன்.

இந்த டிவிக்காரன்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எவனோ ஒரு நடிகர் வீட்டு நாய்க்கு வயிற்றுப்போக்காம். அதை அரைமணி நேரம் ஓட்டினான், கீழே சிவப்பு எழுத்து வேறு. நம் பிள்ளைகளின் கிறுக்கலை இருபது வருடம் தூக்கிப் பிடித்த கைக்கு ஒரு வரி இல்லை. விடுவேனா? சென்னைச் சேனல் ஒன்றுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். மேனேஜரே லைனில் வந்து அழுதான். அது கேஸ் சிலிண்டர் பதிகிற நம்பர் என்று அத்தை சொல்வாள். நம்பாதே.

எனக்கும் அந்தம்மாவுக்கும் இருந்த பழக்கம் உனக்குத் தெரியாது. ஸ்டூடியோவில் நான் போய் உட்கார்ந்த பிறகுதான் நிகழ்ச்சி ஆரம்பிக்கும். "ரெமிஜியஸ் வந்தாச்சா? அப்ப லைட்டைப் போடு" என்பார்.

படத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியாச்சு. பிசிறில்லாமல் கச்சிதமாக நிற்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன் பாப்பா, மனது தளராதே. கண்ட பயல்கள் எதையாவது எழுதுவான்கள். என்னைப் பார்த்துக்கூட எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் சிரித்தார். இன்றைக்குக் குத்தாலம் வட்டாரத்தில் எந்த வயலில் அறுப்பு மெஷின் இறங்குவதானாலும் இந்தப் புரோக்கர் கை காட்டினால்தான் இறங்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் மாமன்
மா. ரெமிஜியஸ்

*

பெரம்பூர்
04.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தையின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் தேய்த்துக்கொள்ளாதீர்கள்.

மனது தளராதே என்று எழுதியிருந்தீர்கள். யார் என்ன எழுதினார்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டம் போட்ட படத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கண்ணாத்தாள் அக்கா படங்கள் இப்போது எட்டாகிவிட்டன. ஒன்றில் அவர் கை மட்டும். ஒன்றில் நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி மட்டும். நேற்று எல்லாவற்றையும் இங்கே ஒரு கலைக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்தவர் இரண்டு விரலால் புரட்டிவிட்டு, "யாருங்க இவங்க? லோக்கல் கேபிள் ஆன்ட்டியா? தெரிஞ்ச முகமா இருந்தா வைக்கலாம்" என்றார். "உங்களுக்குத் தெரியாததுக்கு அவங்க என்னங்க பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டுச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகுதான் இதைவிட நல்ல பதில்கள் ஐந்தாறு தோன்றின.

தஞ்சாவூரில் அவருடைய நேயர்கள் செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம் நடத்துகிறார்கள். நினைவு மலர் போடுகிறார்களாம், அட்டைக்குப் படம் தேடுகிறார்களாம். அம்மா சொன்னாள். என் படத்தை அனுப்பப் போகிறேன். அவர் முகம் அட்டையில், உள்ளே என் பெயர். எனக்கு அது போதும் மாமா. இந்த வருடம் வேறு எதுவும் வேண்டாம்.

ஜாய்ஸ்

*

குத்தாலம்
19.07.2025

அன்பு மருமகளுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. குறுவை பச்சைப்பசேல் என்று நிற்கிறது. போன மழையின்போது நான் சொன்ன இடத்தில் கரையை அடைக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் குத்தாலமே கடலாகியிருக்கும்.

அந்தக் கலைக்கூடத்துக்காரனின் விலாசத்தை அனுப்பு. அறுப்பு மெஷினை அவன் வாசலில் இறக்குகிறேன். தெரிந்த முகமாம்! அவன் முகத்தை அவன் தெருவிலேயே எவனுக்குத் தெரியும்?

நீ படம் அனுப்ப வேண்டாம். மாமன் முந்திவிட்டேன். முதலில் நம் பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தேன். மேலே உன் படம், கீழே வழக்கப்படி துயரத்துடன் என்று என் பெயரும், கூலிங் கிளாஸ் போட்ட என் போட்டோவும். அந்தம்மா முகத்தைவிட என் முகம் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. இடம் மிச்சம் இருந்ததாம், ஃபிளெக்ஸ் கடை வளவன் சொன்னான். மாயவரம் பஸ்ஸெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது.

அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு நேயர் மன்றச் செயலாளர் புகழேந்தி ஆள் அனுப்பினார். சட்டத்தோடு தஞ்சாவூர் தூக்கிப்போனேன். வாசல்வரை வந்து அழைத்துப்போனார். நாற்காலி போட்டார். ஃபேனை என் பக்கம் திருப்பினார். அட்டைக்கு அதுதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. நீ நிம்மதியாக இரு.

போட்டோ கேட்டிருந்தாய். அத்தை எடுத்ததில் அவள் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

மா. ரெமிஜியஸ்

*

பெரம்பூர்
10.08.2025

மாமாவுக்கு,

நான் நலம் என்று எழுத முடியவில்லை.

நேற்று தஞ்சாவூர் அழைப்பிதழ் வந்தது. கண்ணாத்தாள் அக்காவின் முகம் அழகாக அச்சாகியிருக்கிறது. கீழே "மலர் அட்டை ஓவியம்: குத்தாலம் மா. ரெமிஜியஸ். விழா மேடையில் ஓவியருக்குப் பொன்னாடை" என்று போட்டிருக்கிறது. மூன்று முறை படித்தேன்.

புகழேந்திக்குப் போன் செய்தேன். "அவரே நேர்ல வந்து குடுத்தாரும்மா. ரொம்ப அடக்கமான மனுஷன். ஓவியர் ஐயான்னு கூப்பிட்டா தலையைக் குனிஞ்சுக்கிறாரு" என்றார். அடக்கமான மனுஷன் என்றதும், இவர் வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"படத்துக்குக் கீழ வெள்ளை ஓரத்துல பென்சில்ல என் கையெழுத்து இருக்குமே சார்?"

"ஓரமா? ஓரமே இல்லையேம்மா. படம் சட்டத்தை ஒட்டி நிக்குது. போன் பண்ணி என்னுதுன்னு யார் வேணா சொல்லலாம்ல?"

போனை வைத்துவிட்டார்.

மாமா, அதே படத்தின் பிரதிகள் கையெழுத்தோடு என்னிடம் இருக்கின்றன. அனுப்பி நிரூபிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அனுப்பினால் உங்களைத் திருடன் என்பார்கள். அதற்காகத்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். கண்ணாத்தாள் அக்கா ஒரு நாளும் பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டியதில்லை. அவர் படத்திலிருந்தே என் பெயரை எடுத்திருக்கிறார்கள். யார் எடுத்தது? புகழேந்திக்கு நீங்களே எழுதுங்கள்.

ஜாய்ஸ்

*

குத்தாலம்
16.08.2025

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. உன் கடிதம் கண்டு எனக்கு பிபி ஏறி, அத்தை மோர் கரைத்துக் கொடுத்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

என்ன அநியாயம் இது! கேட்க ஆளில்லை என்று நினைத்தானா? அச்சாபீஸ்காரன் எதைக் கொடுத்தாலும் அடிப்பானா? புகழேந்திக்குத்தான் புத்தி எங்கே போயிற்று? என்னைப் பார்த்தால் தூரிகை பிடிக்கிறவன் மாதிரியா இருக்கிறது? சரி, ஒரு களை இருக்கிறது, அதை நான் என்ன செய்ய. ஆனால் நான் வரைந்தேன் என்று என் வாயால் சொன்னேனா? மாதா மேல் ஆணை, சொல்லவில்லை.

ஓரத்தை வெட்டினது வளவன்தான், வேறு யார்? ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்கு எதைக் கண்டாலும் வெட்டணும். நேற்றே கடைக்குப் போய் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். கடைத்தெருவே கூடிவிட்டது. அவன் காலில் விழாத குறை.

நீ ஒன்றும் செய்யாதே. மாமன் பார்த்துக்கொள்கிறேன். அழைப்பிதழ் போனால் போகட்டும், அது ஒரு நாள் காகிதம்.

மா. ரெமிஜியஸ்

*

பெரம்பூர்
23.08.2025

மாமாவுக்கு,

வளவனிடம் பேசினேன். "அக்கா, மாமா கொண்டாரப்பவே படம் சட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு. ஓரம் கீரம் எதையும் நான் பாக்கலக்கா. சண்டையா? அன்னிக்கு மாமா வந்து டீ வாங்கிக் குடுத்துட்டுல்ல போனாரு" என்றான்.

ஏன் மாமா?

ஜாய்ஸ்

*

பெரம்பூர்
06.09.2025

மாமாவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அத்தையிடம் பேசினேன். "காலைல மெஷினோட வயலுக்குப் போறாரு, இருட்டினதும் வர்றாரு, சாப்பிட்டுட்டு செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ ஏதாச்சும் சொன்னியாடி?" என்று என்னைக் கேட்கிறார். நான் சொன்னேனாம்!

மலர் அச்சுக்குப் போய்விட்டது. எட்டு படம் செய்தேன். ஒன்றைக்கூட யாரும் சுவரில் மாட்ட ஒப்பவில்லை. மாட்டிய ஒன்று உங்கள் பெயரில் இருக்கிறது. கலைக்கூடத்துக்காரர் என்னைத் தெரியாது என்றார், அவரை மன்னிக்கலாம். உங்களுக்கு என்னைத் தெரியும்.

பெயரை வெட்டியது ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். மீதிக் கோபத்தை நான் பிறகு படுகிறேன்.

ஜாய்ஸ்

*

குத்தாலம்
10.09.2025

ஜாய்ஸுக்கு,

சுகம். அத்தையும் சுகம்.

நான்தான் வெட்டினேன். அத்தை தையல் கத்தரிக்கோலில். சொல்லிவிட்டேன், போதுமா?

பார்சல் பிரித்த அன்றைக்குப் படத்தின் கீழே பார்த்தேன். பென்சிலில் 3/25 என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே உன் பெயர். ரத்தம் கொதித்தது பாப்பா. எவன் அவன், என் தங்கச்சி பெண்ணுக்கு இருபத்தைந்துக்கு மூன்று மார்க் போட்டவன்? கண்ணாத்தாளம்மாவை அப்படியே உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய், அதற்கு மூன்றா? பெயில் மார்க்கைப் பெயரோடு சேர்த்து எழுதி, அதை நீயும் மறைக்காமல் மாமனுக்கு அனுப்பியிருக்கிறாயே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வருகிறவன் போகிறவன் பார்த்துச் சிரிக்கக் கூடாது. மார்க்கை மட்டும் வெட்டினால் மூலை நொண்டியாகத் தெரிந்தது. அதனால் ஓரம் முழுவதையும் எடுத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த மார்க் போட்டவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன். உன்னிடம் கேட்டால் உனக்கு வலிக்கும் என்று கேட்கவில்லை.

புகழேந்தி விஷயம் வேறு. ஃபிளெக்ஸில் என் பெயர் மட்டும் இருந்ததால் அவராகவே ஓவியர் ஐயா என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலி வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. வயல் வரப்பில் நின்றுகொண்டே பேசி அனுப்புகிற ஆள் நான். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பொன்னாடையை ஒரு நாள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேனே. நீ மேலும் மேலும் படம் போடுவாய், உனக்கு எவ்வளவோ வரும். எனக்கு இது ஒன்றுதான். பிறகு நானே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

மா. ரெமிஜியஸ்

*

பெரம்பூர்
14.09.2025

மாமாவுக்கு,

அது மார்க் இல்லை. இருபத்தைந்து பிரதியில் இது மூன்றாவது என்று அர்த்தம். அச்சுப் படம் போடுகிறவர்கள் எல்லோரும் ஓரத்தில் பென்சிலால் அப்படித்தான் எழுதுவார்கள். எழுதியது நான்தான். முதல் கடிதத்திலேயே இருபத்தைந்து பிரதி என்று எழுதியிருந்தேன். நீங்கள் படிக்கும்போதே உங்கள் பதிலை யோசிக்கிற ஆள்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். அதற்குப் பிறகும் கோபம் அப்படியே இருந்தது. எனக்காக வெட்டினீர்கள், சரி. நாற்காலியில் எனக்காகவா உட்கார்ந்தீர்கள்?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: முடியாது. உங்களுக்குப் பொன்னாடை வேண்டுமென்றால் நானே வாங்கிப் போடுகிறேன், தினமும் போட்டுக்கொள்ளுங்கள். இதைத் தர மாட்டேன். எனக்கு நிறைய வரும் என்கிறீர்கள். பத்து வருடமாக வரவில்லை மாமா. உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் வீட்டுக்கு எழுதும்போது நானும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவேன்.

புகழேந்திக்கு நான் எதையும் அனுப்பப் போவதில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. மேடையில் நிற்கப் போவது நீங்கள். சொல்வதும் சொல்லாததும் உங்களிடம் இருக்கிறது. பிறகு என்பதெல்லாம் வேண்டாம். சொல்வதானால் அங்கேயே.

ஜாய்ஸ்

*

குத்தாலம்
23.09.2025

வெற்றித் திருமகளாம் என் மருமகள் ஜாய்ஸுக்கு மாமன் ரெமிஜியஸ் மகிழ்ச்சியுடன் வரைவது.

எல்லோரும் சுகம். நீ ஏன் வரவில்லை? வந்திருந்தால் பார்த்திருப்பாய். தஞ்சாவூரே திரண்டுவிட்டது. மண்டபத்தில் எள் போட இடமில்லை. என் பெயரைச் சொன்னதும் விசில். நான் மைக்கைப் பிடித்தேன். "மகாஜனங்களே, ஒரு சின்ன அச்சுப் பிழை நேர்ந்துவிட்டது. இந்த ஓவியத்தைத் தீட்டிய கலையரசி என் மருமகள் ஜாய்ஸ்" என்றேன். கைதட்டல் பாரு, பத்து நிமிடம் ஓயவில்லை. புகழேந்தி என்னைக் கட்டிக்கொண்டார். "உங்கள மாதிரி ஒரு மாமா யாருக்குங்க கெடைக்கும்" என்று கண் கலங்கினார். பொன்னாடையை எனக்கே போட்டே தீருவேன் என்று நின்றார், நான்தான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன். மலரிலும் உடனே திருத்தியாயிற்று. அதெல்லாம் ஆளுக்கு ஆள் பார்த்துச் செய்தார்கள், எனக்கு ஒரு வேலையும் இல்லை.

கை கொஞ்சம் வலிக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். மெஷின் ஸ்டியரிங் பிடித்ததால் வந்த வலி. வேறொன்றுமில்லை.

உன் மாமன்
மா. ரெமிஜியஸ்

*

பெரம்பூர்
27.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். அத்தைக்கு அனுப்பிய தைலத்தை இந்த முறை நீங்களும் தேய்த்துக்கொள்ளுங்கள். கைக்கு.

வரவில்லை என்று எழுதினேன். வந்தேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மண்டபம் பாதிதான் நிறைந்திருந்தது. யாரும் விசிலடிக்கவில்லை. பொன்னாடையை உங்கள் தோளில் பாதி போட்டிருக்கும்போதே மைக்கை வாங்கினீர்கள். "படம் வரைஞ்சது நான் இல்லீங்க. என் தங்கச்சி விண்ணரசி பொண்ணு ஜாய்ஸ். பேரு ஓரத்துல இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன். அதுல எழுதியிருந்தது என்னான்னு எனக்குப் புரியல. யாருகிட்டயும் கேக்கவுமில்ல. நான் எட்டாங்கிளாஸ் பெயிலுங்க" என்றீர்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப நீ யாருய்யா?" என்றார். "மெஷின் புரோக்கருங்க" என்றீர்கள். மண்டபம் சிரித்தது. புகழேந்தி மைக்கைப் பிடுங்கினார். பொன்னாடையை உருவி மடித்து அடுத்தவருக்கு வைத்துக்கொண்டார்.

சிரித்தவர்களில் ஏழு பேர் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. படித்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட, அந்தப் படத்தை வரைந்தவள் எங்கே என்று கேட்கவில்லை. உங்கள்மேல் ஒரு மாதம் பட்ட கோபத்தை அந்த அரை நிமிடத்தில் அவர்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

நீங்கள் மேடையை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். வாசல் மேசைக்குப் போனீர்கள். யாரிடமோ பேனா கேட்டீர்கள். முந்நூறு மலர் அடுக்கியிருந்தது. நாற்காலி இல்லை. நின்றுகொண்டே, ஒவ்வொன்றாகப் பிரித்து, உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத ஆரம்பித்தீர்கள். உள்ளே கூட்டம் முடிகிறவரை எழுதினீர்கள். முடிந்து எல்லோரும் போன பிறகும் எழுதினீர்கள். ஒரு பிரதி வாங்கி வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் நின்ற பெண் வாங்கிக் கொடுத்தாள். நீங்கள் தலையை நிமிர்த்தவே இல்லை.

இதில் ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

கடைசியில் நீங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் உடனே ஒரு கதை சொல்லியிருப்பீர்கள். நடந்தது நடந்தபடியே எனக்கு வேண்டியிருந்தது. அதனால் கூப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் மருமகள்
ஜாய்ஸ்